கடைசி நாள் உபின் தீவில், மறுநாள் காலை அறந்தாங்கியில்: வேலை முடிந்து ஊர் திரும்பிய கதை

அறந்தாங்கி ராசு:

சிங்கப்பூரிலிருந்து ஊர் வந்து சேர்ந்தாச்சு. கிளம்புவதற்கு முன்னால், "விமானம் இரவில்தான், பகல் முழுக்க என் கையில், என்ன செய்யலாம்?" என்று இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் முஸ்தபா கடைக்குப் போகச் சொன்னீர்கள். மீதிப் பேர் படுத்துத் தூங்கச் சொன்னீர்கள். நான் புலாவ் உபின் தீவுக்குப் போனேன். வேலை பெர்மிட் கேன்சல் ஆகி ஊருக்குக் கிளம்பும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

துவாஸ் பக்கம் டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி), எம்ஆர்டி ரயில் சுரங்கப்பாதை சைட்டில் வேலை. லாரியில் சைட்டுக்கு, லாரியில் டார்மிட்டரிக்கு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. சிங்கப்பூரில் மண்ணுக்கு அடியில் எனக்குத் தெரிந்த அளவுக்கு, மண்ணுக்கு மேலே தெரியாது. தீவு நாட்டில் இத்தனை காலம் இருந்துவிட்டு, கடலில் ஒரு தடவைகூடப் படகு ஏறாமல் திரும்ப எனக்கு மனசு ஒப்பவில்லை.

சாமான்களை முந்தின ஞாயிறே கட்டிவிட்டேன். கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட், அம்மாவுக்குப் போர்வை என்று இரண்டு அட்டைப்பெட்டி. மாலையில் கம்பெனி வேனில் கொண்டுவந்து தருவதாக சூப்பர்வைசர் சொன்னார். நல்ல மனுஷன்.

காலையில் துவாஸ் லிங்க் ஸ்டேஷனில் பச்சை வழித்தட ரயில் ஏறி தானா மேராவில் இறங்கினோம். நாட்டின் ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய மறுமுனை. அங்கிருந்து 2ஆம் எண் பேருந்து, கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். பக்கத்துக் கட்டில் பேராவூரணித் தம்பியும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தான். படகுத்துறையில் முன்பதிவு எதுவும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகை எடுப்பார்கள். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். காத்திருக்க முடியாதென்றால் பன்னிரண்டு பேருக்கான காசையும் நாமே கொடுத்துவிட்டுப் போகலாம். பத்து நிமிஷத்தில் அந்தக் கரை.

இறங்கியதும் தகரக்கூரை வீடுகள், வாழை, செம்மண் பாதை. வாடகை சைக்கிள் எடுத்தோம். உபின் முழுக்கக் கருங்கல் பாறை. 1851இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1920களில் கட்டிய ஜோகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. வெட்டிய குவாரிகளில் இப்போது தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி நிற்கிறது, கரை மரங்களில் நாரைகள். கட்டுமான வேலை பார்த்தவனுக்கு அந்த விளிம்பை விட்டு நகர மனசு வரவில்லை. எந்த ஊர்க்காரர்கள் இங்கே வெயிலில் கல் உடைத்தார்களோ என்ற நினைப்பு.

அப்புறம் தீவின் ஓரத்துச் சேற்றுக்கரையான செக் ஜாவா. சைக்கிளை வெளியே விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். அலையாத்திக்காட்டுக்கு நடுவில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். முத்துப்பேட்டைக் காட்டை அறிந்தவனுக்கு அந்தச் சேற்று வாசனையே போதும். உளுவை மீன்கள் வாலை அடித்துத் தாவிக்கொண்டிருந்தன. ஒரு சின்ன நண்டை மட்டும் நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தோம். ஆண் நண்டு. ஒரு கொடுக்கு கிட்டத்தட்ட உடம்பளவு, மற்றது குட்டி. குட்டிக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைக்கிறது, இடையிடையே பெரியதைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறது. ஒரு அடி தள்ளி இன்னொரு நண்டு பதிலுக்குத் தூக்குகிறது. அங்கே இருக்கும் ஜெஜாவி பார்வைக் கோபுரத்தில் ஏறினால் காட்டின் உச்சி தெரியும், 20 மீட்டர் உயரம். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் எழும்பின. இன்று இரவு அதில் ஒன்றில் நான் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு மணி வாக்கில் வானம் கறுத்தது. திரும்புவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. செம்மண் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓட்டம், சைக்கிளைத் தள்ளித்தான் வந்தோம். ஒரு திருப்பத்தில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு பாதையை மறித்து நின்றது. அசையாமல் நின்றோம். அது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் மூச்சு வந்தது. படகுத்துறைக்கு வந்தால் மின்னல் வெட்டுகிறது, ஒரு படகும் நகரவில்லை. படகுக்காரப் பெரியவர் கையைக் காட்டி "துங்கு, துங்கு" என்கிறார். காத்திருக்கச் சொல்கிறார். விமானம் எட்டே முக்காலுக்கு. மணி நான்கு ஆனது, நாலரை ஆனது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. ஐந்துக்கு மழை தணிந்து முதல் படகு கிளம்பியது. எங்களைப் பார்த்துவிட்டு, வரிசையில் முன்னால் நின்ற ஒரு சீனக் குடும்பம் இடம் விட்டது. சாங்கி வில்லேஜ் உணவங்காடி குளியலறையில் துணி மாற்றி, நின்றபடியே நாசி லெமாக் சாப்பிட்டு, டாக்சி பிடித்து ஆறரைக்கெல்லாம் விமான நிலையம். சூப்பர்வைசர் பெட்டிகளோடு நின்றார்.

ஒரு பெட்டியில் எடை கூடிவிட்டது. தரையில் உட்கார்ந்து பிரித்து, மைலோ டின்கள் தம்பியோடு டார்மிட்டரிக்குத் திரும்பின.

பயணம் அங்கேயும் முடியவில்லை. மறுபடி மின்னல் எச்சரிக்கை. அந்த நேரத்தில் விமானத்தடியில் யாரையும் வேலை செய்ய விட மாட்டார்கள். சைட்டில் எச்சரிக்கை வந்தால் கிரேனை நிறுத்துவோமே, அது போலத்தான். பெட்டி ஏற்றுகிறவர்களும் நம்மைப் போலத் தொழிலாளர்கள், நின்றது நியாயம். பத்து மணிக்குக் கிளம்பினோம். திருச்சிக்கு மேலே வந்தால் அங்கேயும் அடைமழை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விமானி சென்னைக்குத் திருப்பிவிட்டார். குடியேற்றச் சோதனை திருச்சியில்தான் என்பதால் மீனம்பாக்கத்தில் யாரையும் இறக்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

என் வரிசையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தவர். சென்னையில் போன் எடுத்ததும் உடைந்துவிட்டார். அப்பா தவறிவிட்டாராம், காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார், ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். விடிகாலை நான்கு மணிக்குத் திருச்சியில் சக்கரம் தரை தொட்டபோது, வழக்கமாக அடித்துப் பிடித்து எழும் கூட்டம் ஒருத்தர்கூட எழவில்லை. அவர் இறங்கிப் போகும்வரை அப்படியே இருந்தோம். குடியேற்ற வரிசையிலும் எல்லாரும் ஒதுங்கி அவரை முன்னால் விட்டார்கள். அதிகாரியும் விஷயத்தைக் கேட்டுச் சட்டென்று முத்திரை குத்தி அனுப்பினார்.

மச்சான் இரவு முழுக்க வாசலில் காத்திருந்தார். கீரனூரில் ஒரு டீ. புதுக்கோட்டை தாண்டும்போது வெளுத்துவிட்டது. ஏழு மணிக்கு வீடு.

கடைசி நாளைக் கடைத்தெருவில் கழிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நாம் உழைத்த நாட்டைப் பார்க்க நமக்கும் உரிமை உண்டு.

தேக்கா மணி:

தம்பி ராசு, நல்லபடியாகச் சேர்ந்ததில் சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே பத்துப் பேர் கிளம்புவார்கள் என்பதால் சொல்கிறேன். மழை இன்னும் இரண்டு மணி நேரம் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிக்கெட் கம்பெனி எடுத்தது. பெர்மிட் கேன்சல் ஆன பிறகு கையில் தரும் தாளில் ஒரு தேதி போட்டிருக்கும், அதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். நம் ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருக்கிறார். நாம் குறித்த நாளில் கிளம்பாவிட்டால் அவருக்குத் தலைவலி, அந்தத் தலைவலி நம் அடுத்த பெர்மிட்டுக்கும் வரும். தீவுக்குப் போக ஆசை என்றால் முந்தின ஞாயிறு போகலாமே. கடைசி நாள் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் புத்தி.

அறந்தாங்கி ராசு:

மணி அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஞாயிறு என்றால் பாதி நாள் தூக்கம், துணி துவைப்பு, வீட்டுக்குப் போன், காசு அனுப்புவது. அப்படியும் சில ஞாயிறு ஓட்டி (கூடுதல் நேர வேலை) வந்துவிடும். யாரும் கூப்பிடாத, எந்த வேலையும் இல்லாத பகல் எனக்கு அங்கே அந்த ஒன்றுதான் கிடைத்தது. படகுத்துறையில் நின்றபோது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நாளை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பூன் லே கார்த்தி:

இரண்டு பேர் பேச்சையும் தாண்டி ஒரு முக்கியமான விஷயம். கடைசி நாளுக்கு முன்பே சம்பளக் கணக்கு முடிந்ததா என்று பாருங்கள். பாக்கிச் சம்பளம், ஓட்டிக் காசு எல்லாம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். புரியாத தாளில் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பும் டிக்கெட் செலவு முதலாளியுடையது, அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாக்கி இருந்தால் சிங்கப்பூரில் இருக்கும்போதே மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள். வேலையை விட்ட பிறகு ஆறு மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுக்கலாம் என்று விதி இருந்தாலும், ஊரில் உட்கார்ந்துகொண்டு நடத்துவது கஷ்டம். கட்டாயப்படுத்தி அனுப்பினால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியிடமே சொல்லலாம்.

என் அறையில் இருந்த ஒரு பையன் கூச்சப்பட்டு எதையும் கேட்காமல் விமானம் ஏறினான். மூன்று மாத ஓட்டிக் காசு போயே போச்சு. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நாகைப் பெரியவர்:

தம்பிகளே, நான் ஆங் மோ கியோவில் இருக்கிறேன், இந்நாட்டுக் குடிமகன். ராசு எழுதியதைப் படித்ததும் என் அப்பா நினைவு. அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் காலத்தில் ஊர்ப்பயணம் என்றால் ரஜூலா கப்பல்தான். 1926இல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது. சிங்கப்பூரில் ஏறினால் கிள்ளான், பினாங்கு, அப்புறம் வங்காள விரிகுடா, நாகப்பட்டினம், சென்னை. ஏறக்குறைய ஒரு வாரம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கை. காற்றுக் காலமென்றால் பாதிப் பேர் தலை தூக்க முடியாமல் கிடப்பார்களாம்.

நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், படகில் இறங்கிக் கரைக்கு வர வேண்டும். அலை ஏறி இறங்கும்போது சரியான நொடி பார்த்துக் காலை வைக்க வேண்டும். அப்பா இறங்கும்போது டிரங்குப் பெட்டியை மேலிருந்து கயிற்றில் விடுவார்கள், கீழே நிற்பவர் பிடிப்பார். ஒரு முறை அது கடலில் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு வாங்கிய கைலிகள் உப்புத் தண்ணீரில் ஊறி வந்தன. அந்தக் கைலிகளை அம்மா வெகு காலம் உடுத்தினார்.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். அதில் நானே சிறுவனாகப் போயிருக்கிறேன். 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது, உயிர்ச்சேதம் ஆனது. அதோடு அந்தக் கப்பல் சேவை முடிந்தது. விமானத்தில் சில மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததை "பயணம் அங்கேயும் முடியவில்லை" என்று எழுதியதில் தப்பில்லை தம்பி. துக்கத்துக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரமே ஒரு வாரம்தான்.

ஈசூன் வாசுகி:

செக் ஜாவா பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். எனக்கு உயிரான இடம். இன்று அங்கே நண்டு பார்க்க முடிகிறதென்றால் காரணம் இருக்கிறது. அந்தக் கரையை மண் போட்டு நிரப்புவதாகத் திட்டம். சேதி பரவியதும் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தாழ்நீரில் வந்து பார்த்தார்கள், ஆர்வலர்கள் அங்கிருந்த உயிர்களைக் கணக்கெடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. பலகைப் பாதை 2007இல் திறந்தது. மணல்கரை, பாறைக்கரை, கடற்புல், பவளத் துகள், அலையாத்தி, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடம் அந்தச் சின்ன மூலையில் இருக்கிறது.

இருவாட்சி பார்த்தீர்களா ராசு? சிங்கப்பூரில் நூறு வருஷத்துக்கும் மேலாக இல்லாமல் போயிருந்த பறவை, 1994இல் உபினில்தான் திரும்பக் கண்ணில் பட்டது. இப்போது சாங்கி வில்லேஜ் மரங்களிலேயே உட்காருகிறது.

மழை விஷயத்தில் மணி அண்ணன் பக்கம் நான். இங்கே பிற்பகல் இடிமழை சாதாரணம். அதுபோக ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வரும் மழையும் உண்டு. இரவு விமானம் என்றால் காலை ஏழுக்கே படகு ஏறி, பன்னிரண்டுக்குள் இந்தக் கரைக்குத் திரும்பிவிடுங்கள். பன்றிக்கு உணவு கொடுக்காதீர்கள், நெருங்காதீர்கள். நீங்கள் அசையாமல் நின்றது சரி.

மலர்:

நான் வீட்டு வேலை செய்தவள், இப்போது பட்டுக்கோட்டையில். 2013இல் சட்டம் வந்தும் வார விடுப்புக்குப் பதில் காசுதான் எனக்குக் கிடைத்தது. 2023 முதல் மாதம் ஒரு நாளாவது கட்டாயம் விட வேண்டும் என்று ஆன பிறகுதான் வெளியே போகத் தொடங்கினேன். அதற்குள் கிளம்பும் காலம் வந்துவிட்டது.

கடைசி நாள் காலை வீரமாகாளியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, தனியாக ஹெண்டர்சன் பாலம் போனேன். சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரம், மரப்பலகை அலை மாதிரி வளைந்து போகும். எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் நடந்தே திரும்பினேன். எனக்கு அதுவே பெரிய சாகசம். நான் பார்த்த வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் எல்லாம் ஜன்னல் வழியாகத்தான். அன்றைக்கு எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தேன். துறைமுகம், கப்பல்கள், நான் இருந்த புளோக்கின் பக்கம். ராசு அண்ணா, உங்கள் எழுத்தைப் படித்து அழுதுவிட்டேன். அந்த ராமநாதபுரத்து அண்ணன் நேரத்துக்குப் போனாரா?

அறந்தாங்கி ராசு:

போய்விட்டார்மா. நேற்றுப் போன் செய்தார். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறார், கொள்ளி அவர்தான் வைத்தார். விமானத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் நம்பரைக் கேட்டார். என்னிடம் இல்லை. இந்த இழையை அந்த அம்மா பார்த்தால் எழுதட்டும்.

வாசுகி அக்கா, இருவாட்சியின் குரல் மட்டும் கேட்டோம். மழை வந்துவிட்டது.

மாத்தூர் சிவா:

சுங்கம் பற்றித் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம். நகையாக இருக்க வேண்டும், கட்டியோ காசோ சேராது. ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிவிக்கான சலுகை 2013 ஆகஸ்ட்டிலேயே போய்விட்டது, சுமந்துகொண்டு வந்து வரி கட்டாதீர்கள். சாங்கியில் பயணிகளுக்குத் திருப்பித் தரும் பொருள் சேவை வரி பெர்மிட்காரர்களுக்குக் கிடையாது, அந்த வரிசையில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிராஞ்சி பாண்டி:

அண்ணன்களே, எனக்கு அடுத்த வெள்ளி இரவு விமானம். இதைப் படித்ததிலிருந்து உபின் போகாமல் கிளம்ப மனசில்லை. பெட்டியைக் கொண்டுவந்து தர எனக்கு ஆளில்லை. எங்கே வைப்பது?

தேக்கா மணி:

சாங்கி முனையங்களிலேயே காசு கட்டிச் சாமான் வைக்கும் இடம் இருக்கிறது தம்பி. காலையிலேயே அங்கே வைத்துவிட்டு, அப்புறம் படகுத்துறைக்குப் போ. முதல் படகுகளில் ஒன்றைப் பிடி. பகல் ஒரு மணிக்கு இந்தக் கரையில் இருப்பதாக எனக்குச் செய்தி வர வேண்டும். வராவிட்டால் நானே போன் செய்வேன்.

ஈசூன் வாசுகி:

கிளம்புவதற்கு முன் அன்றைய கடல்மட்ட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள் பாண்டி. 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரம் காலையில் வந்தால் அதிர்ஷ்டம், கரை முழுக்க வெளியே தெரியும். இல்லாவிட்டாலும் செக் ஜாவா எட்டரைக்குத் திறந்ததும் அலையாத்திப் பாதையில் நடந்துவிட்டுத் திரும்பலாம்.

பேராவூரணி முத்து:

ராசு அண்ணனோடு போனவன் நான்தான். வெள்ளிக்கிழமை எனக்கு இரவு ஷிப்ட், பகலில் வர முடியும். பாண்டி அண்ணே, பெட்டியை வைத்துவிட்டு ஆறரைக்கு தானா மேரா 2ஆம் எண் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள், நான் நிற்கிறேன். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். மாற்றுத் துணி ஒரு செட் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் எடுக்கும்போது பிரேக்கை நான் பார்த்துத் தருகிறேன்.